பருப்பைத் தள்ளி வைக்கும் முன்: யூரிக் அமிலம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி (கும்பகோணம் வாசகர்): ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 7.8 என்று வந்திருக்கிறது. வலி எதுவும் இல்லை. பியூரினைக் குறை என்கிறார்கள். நான் சுத்த சைவம். எனக்கு எப்படி ஏறியது? பியூரின், சாந்தீன், யூரிக் அமிலம் எல்லாம் ஒன்றுதானா?

பதில்: ஒரே குடும்பம், ஆனால் ஒன்றல்ல. பியூரின் என்பது ஓர் அடிச்சட்டம்: ஆறு பக்க வளையமும் ஐந்து பக்க வளையமும் ஒட்டிக்கொண்ட வடிவம். டி.என்.ஏ.வில் உள்ள அடினீனும் குவானீனும் இந்தச் சட்டத்தில் கட்டியவை. செல்கள் ஆற்றலுக்காகச் செலவழிக்கும் சில்லறைக் காசான ஏ.டி.பி.யும் அப்படியே. பழைய செல்கள் உடையும்போதும், ஏ.டி.பி. செலவாகிச் சிதையும்போதும் இந்தச் சட்டங்கள் வெளியே வருகின்றன. அடினீன் வழியில் வருவது ஹைப்போசாந்தீனாகிறது. குவானீன் வழியில் வருவது நேரே சாந்தீனாகிறது.

இங்கேதான் சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதி வருகிறது. ஹைப்போசாந்தீனை சாந்தீனாக்குவதும் அதுதான், சாந்தீனை யூரிக் அமிலமாக்குவதும் அதுதான். எடையைப் பார்த்தாலே கணக்கு புரியும்: ஹைப்போசாந்தீனின் மூலக்கூறு எடை 136, சாந்தீன் 152, யூரிக் அமிலம் 168. ஒவ்வொரு படியிலும் 16 கூடுகிறது, அதாவது ஓர் ஆக்சிஜன் அணு ஏறுகிறது. அந்த அணு நாம் மூச்சில் இழுக்கும் காற்றிலிருந்து வருவதில்லை, தண்ணீரிலிருந்து வருகிறது. காற்றின் ஆக்சிஜன் எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு சூப்பராக்சைடாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் வெளியேறுகிறது. பாடப்புத்தகம் படித்தவர்களே இதை மாற்றிச் சொல்வார்கள்.

பெரும்பாலான பாலூட்டிகளில் இதற்கு அப்புறமும் ஒரு படி உண்டு. யூரிகேஸ் என்ற நொதி யூரிக் அமிலத்தை எளிதில் கரையும் அலன்டோயினாக மாற்றிவிடும். மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் அந்த மரபணு பழுதாகிப் போனது. நமக்கு யூரிக் அமிலமே கடைசி நிறுத்தம்.

இப்போது உங்கள் 7.8-க்கு வருவோம். நாளொன்றுக்கு உடம்பில் ஏறத்தாழ 700 மி.கி. யூரிக் அமிலம் உருவாகிறது. அதில் சாப்பாட்டின் பங்கு மூன்றில் ஒன்று அளவுதான், மிச்சம் உடம்பே தயாரிப்பது. வெளியேற்றத்தில் மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும் மீதியைக் குடலும் பார்த்துக்கொள்கின்றன. யூரிக் அமிலம் ஏறியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கோளாறு உற்பத்தியில் இல்லை, வெளியேற்றத்தில் இருக்கிறது. குழாய் சரியாகத்தான் ஓடுகிறது, வடிகால்தான் அடைத்திருக்கிறது. சைவமா அசைவமா என்று வடிகால் பார்ப்பதில்லை. உடல் எடை, சிறுநீரகத்தின் நிலை, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் தயசைடு வகை மாத்திரை, இதயத்துக்குக் கொடுக்கும் 75 மி.கி. ஆஸ்பிரின் ஆகியவற்றை முதலில் பாருங்கள். பாருங்கள் என்றால் மருத்துவரிடம் கேளுங்கள் என்று அர்த்தம். ஆஸ்பிரினை நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

டெசிலிட்டருக்கு 6.8 மி.கி.யைத் தாண்டினால் ரத்தத்தில் யூரேட் (யூரிக் அமிலத்தின் உப்பு) கரைந்து நிற்கும் எல்லை முடிகிறது. தாண்டிய எல்லோருக்கும் படிகம் விழுந்துவிடாது. வலியும் இல்லை, கல்லும் இல்லை என்றால் 7.8-க்காக மட்டும் மாத்திரை தொடங்க வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை.

கேள்வி (சிங்கப்பூர் வாசகர்): இங்கே ரிப்போர்ட்டில் 430 என்று போட்டிருக்கிறார்கள். ஊரில் அம்மாவுக்கு 6 என்று வந்தது. எனக்கு எழுபது மடங்கா?

பதில்: அலகு வேறு. உங்களுடையது லிட்டருக்கு மைக்ரோமோல். 59.5-ஆல் வகுத்தால் இந்திய ரிப்போர்ட்டின் மி.கி. கணக்கு வரும். உங்களுக்கு 7.2. ஊர் மருத்துவர் 6-க்குக் கீழே வை என்றால் உங்கள் ரிப்போர்ட்டில் 360-க்குக் கீழே என்று பொருள்.

கேள்வி (மதுரை வாசகி): கணவருக்கு கவுட் (யூரேட் படிகம் மூட்டில் படிந்து வரும் வீக்கமும் வலியும்). சாம்பார், கீரை, காளான், தக்காளி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள். ஆட்டுக்கால் சூப் மட்டும் எலும்புக்கு நல்லது என்று தொடர்கிறது.

பதில்: பட்டியலைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். சூப்பை நிறுத்துங்கள், சாம்பாரைத் தொடருங்கள்.

பியூரின்கள் தண்ணீரில் கரையும். இறைச்சியைக் கொதிக்கவைத்தால் அதிலுள்ள பியூரினில் கணிசமான பங்கு சாற்றில் இறங்கிவிடும். சூப் என்பது அந்தச் சாறுதான். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்த கறியைவிட, கறியை எடுத்துவிட்டுச் சாற்றை மட்டும் குடிப்பது மோசம். கருவாட்டில் நீர் போய்ச் சுண்டியிருப்பதால் பியூரின் செறிந்திருக்கும். நெத்திலிக் கருவாடு இதில் முன்னணி. ஆசை விடவில்லை என்றால் வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு, கொஞ்சமாக, எப்போதாவது. ஈரல், மண்ணீரல், மூளை, மத்தி, நெத்திலி ஆகியவை முதல் வரிசை. கோழி ஈரலில் 100 கிராமுக்கு 300 மி.கி.யைச் சுற்றிப் பியூரின் உண்டு, கோழி நெஞ்சுக்கறியில் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. முட்டையிலும் பாலிலும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

பருப்பு விஷயத்தில் இரண்டு கணக்குகள். ஒருவர் சாப்பிடும் சாம்பாரில் இருப்பது 25–30 கிராம் பருப்பு. அதிலுள்ள பியூரின் ஈரலோடு ஒப்பிடத் தகுந்ததல்ல. அடுத்து, 2004-இல் அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து வெளியிட்ட ஆய்வு. இறைச்சியும் கடலுணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு கவுட் கூடியது. பியூரின் மிகுந்த பருப்பு, கீரை, காளான் வகைகள் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. பாலும் தயிரும் சேர்த்துக்கொண்டவர்களுக்குக் குறைந்தது. மோரைத் தாராளமாக ஊற்றுங்கள்.

பட்டியலில் யாரும் எழுதாத ஒன்று குளிர்பானம். அதிலுள்ள ஃபிரக்டோஸில் பியூரினே இல்லை. ஆனால் கல்லீரல் அதைக் கையாளும் முதல் படியில் ஏ.டி.பி.யை வரம்பில்லாமல் செலவழிக்கும். செலவான ஏ.டி.பி. உடைந்து ஹைப்போசாந்தீன் வழியே யூரிக் அமிலமாகும். மதுவும் இதே வேலையைச் செய்கிறது. கூடவே லாக்டிக் அமிலத்தை ஏற்றிச் சிறுநீரகம் யூரேட்டைத் திரும்ப உறிஞ்சும்படியும் செய்கிறது. பீரில் ஈஸ்ட்டின் பியூரினும் சேர்வதால் மூன்று வழியிலும் அடி.

இன்னொன்று: எடை குறைக்கிறேன் என்று பட்டினி கிடக்க வேண்டாம். பட்டினியில் உருவாகும் கீட்டோன்கள் யூரேட் வெளியேறுவதைத் தடுக்கும். விரதத்துக்கு மறுநாள் கட்டைவிரல் வீங்கி நிற்பவர்கள் உண்டு.

கேள்வி (சென்னை வாசகர்): காபியில் இருப்பதும் சாந்தீன் வகைதானே? அப்படியானால் தினம் நான்கு டம்ளர் ஃபில்டர் காபி யூரிக் அமிலமாக மாறாதா?

பதில்: மாறாது. கஃபீன் என்பது மூன்று மெத்தில் தொங்கட்டான்கள் மாட்டிய சாந்தீன். டீயில் உள்ள தியோஃபிலினிலும் கோகோவில் உள்ள தியோபுரோமினிலும் இரண்டிரண்டு. கல்லீரல் இவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றும், ஆனால் கடைசி ஒன்றை விட்டுவிடும். அந்த ஒற்றை மெத்தில் சாந்தீன் நம் நொதியிடம் வந்து மெத்தில் யூரிக் அமிலமாகிச் சிறுநீரில் போய்விடும். மூட்டில் படியும் யூரேட் வேறு, இது வேறு. ஒருவருடைய உடம்பில் சாந்தீன் ஆக்சிடேஸ் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்று அறிய, காபி கொடுத்துச் சிறுநீரில் மெத்தில் சாந்தீன், மெத்தில் யூரிக் அமிலம் இரண்டின் விகிதத்தை அளக்கும் முறையே ஆய்வாளர்களிடம் உண்டு.

2007-இல் 45,869 ஆண்களிடம் பார்த்த ஆய்வில், நாளுக்கு 4–5 கோப்பை காபி குடித்தவர்களுக்கு கவுட் வரும் வாய்ப்பு காபியே குடிக்காதவர்களைவிட 40 சதவீதம் குறைவாக இருந்தது. கஃபீன் நீக்கிய காபியிலும் ஓரளவு பலன் தெரிந்தது, டீயில் தெரியவில்லை. ஆக, பலன் கஃபீனால் அல்ல என்று ஊகிக்கலாம். இதை மருந்தாக எடுத்துக்கொண்டு நான்கை எட்டாக்க வேண்டாம். அந்த டம்ளர்களில் விழும் சர்க்கரைதான் நீங்கள் எண்ண வேண்டியது.

கேள்வி (நாமக்கல் வாசகர்): பாலில் சாந்தீன் ஆக்சிடேஸ் இருக்கிறதாமே. அப்படியிருக்கப் பால் எப்படி நல்லது?

பதில்: இருக்கிறது, தாராளமாகவே. கொழுப்புத் துளிகளைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் அது ஒட்டியிருக்கிறது. பரிசோதனைக்கூடங்களுக்கு விற்கப்படும் நொதி பெரும்பாலும் பசும்பாலிலிருந்து எடுத்ததுதான். 1902-இல் ஷார்டிங்கர் என்பவர் ஒரு சோதனை சொன்னார். கறந்த பாலில் மெத்திலீன் நீலமும் ஃபார்மால்டிஹைடும் சேர்த்து வெதுவெதுப்பாக வைத்தால் நீலம் மறையும். காய்ச்சிய பாலில் மறையாது. பால் காய்ச்சியதா இல்லையா என்று கண்டுபிடிக்க அது உதவியது. நீலத்தை மறையவைத்தது இந்த நொதிதான் என்பது பின்னால் தெரிந்தது. நொதியின் நடுவில் மாலிப்டினம் அணு ஒன்று உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் இரும்பு–கந்தகக் கொத்துகள் இரண்டு, பிறகு பி2 வைட்டமினிலிருந்து வரும் ஃபிளேவின். எலெக்ட்ரான் மாலிப்டினத்தில் ஏறி ஃபிளேவினில் இறங்கும்.

குடித்த பாலின் நொதி வயிற்றில் மற்ற புரதங்களைப் போலவே செரிந்துவிடும். உங்கள் கல்லீரலிலும் சிறுகுடல் சுவரிலும் இதே நொதி ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அதற்குத் தட்டுப்பாடு பியூரின்தான். பால் பியூரினைக் கொண்டுவருவதில்லை.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகர்): மீனின் புத்துணர்வை அளக்கும் கருவியில் சாந்தீன் ஆக்சிடேஸ் பயன்படுகிறது என்று படித்தேன். எப்படி?

பதில்: மீன் செத்ததும் ஏ.டி.பி. தயாரிப்பு நிற்கிறது, உடைவது நிற்பதில்லை. ஏ.டி.பி., ஏ.டி.பி.யின் குறைந்த வடிவங்கள், பிறகு ஐ.எம்.பி., இனோசின், ஹைப்போசாந்தீன் என்று படி இறங்கும். ஐ.எம்.பி. வரை வேகமாக, பெரும்பாலும் முதல் நாளுக்குள் நடந்துவிடும். அதற்கப்புறம் மெதுவாக, ஐஸில் நாள்கணக்கில். ஐ.எம்.பி.க்கு ருசி உண்டு, நல்ல மீன் குழம்பின் சுவையில் அதற்குப் பங்கிருக்கிறது. ஹைப்போசாந்தீன் கசக்கும். பழைய மீனில் உப்பும் புளியும் சரியாக இருந்தும் ருசி விட்டுப்போவதற்கு இது ஒரு காரணம்.

ஜப்பானியர்கள் 1959-இல் இதை எண்ணாக்கினார்கள். இனோசினும் ஹைப்போசாந்தீனும் சேர்ந்து, ஏ.டி.பி. முதல் ஹைப்போசாந்தீன் வரையிலான மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதே ‘கே மதிப்பு’. 20-க்குக் கீழே இருந்தால் பச்சையாகவே சாப்பிடத் தகும் என்பது அவர்கள் வழக்கு.

கருவியில் நடப்பது இது: மீன் சதையை அமிலத்தில் அரைத்து, வடித்து, பி.எச்.ஐ நடுநிலைக்குக் கொண்டுவருவார்கள். அதில் சாந்தீன் ஆக்சிடேஸை ஒட்டிய மின்முனையை வைத்தால் ஹைப்போசாந்தீன் யூரிக் அமிலமாகும். ஒரு மூலக்கூறுக்கு இரண்டு படி, இரண்டு ஆக்சிஜன் செலவு. குறையும் ஆக்சிஜனையோ கூடும் பெராக்சைடையோ மின்முனை அளக்கும். இனோசினையும் சேர்த்து அளக்க வேண்டுமானால் அதை ஹைப்போசாந்தீனாக்கும் இன்னொரு நொதியைக் கூட வைப்பார்கள்.

தவறு நேரும் இடங்கள் உண்டு. எல்லா மீனும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. சிலவற்றில் இனோசின் தங்கிவிடும், சிலவற்றில் நேரே ஹைப்போசாந்தீன் குவியும். ஆகவே சூரைக்குப் போட்ட அளவுகோலை வஞ்சிரத்துக்கு அப்படியே வைக்க முடியாது. அமிலம் சரியாக நடுநிலையாகாவிட்டால் மின்முனையின் நொதி செத்துவிடும். மேலும் இது புத்துணர்வைச் சொல்லுமே தவிர, ஃபார்மலின் போட்டிருக்கிறதா என்று சொல்லாது. அதற்கான பட்டைச் சோதனையை கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் தனியாக உருவாக்கியிருக்கிறது.

மீன் செதிலின் வெள்ளிப் பளபளப்பே குவானீன் படிகம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறோம். செதிலோடு யாரும் சாப்பிடுவதில்லை என்பதால் பயப்பட ஒன்றுமில்லை.

கேள்வி (வேலூர் வாசகர்): தம்பிக்குக் காசநோய் மருந்து தொடங்கி ஒரு மாதம். யூரிக் அமிலம் 11. லேசான மூட்டுவலி. யாரோ யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரை வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: கொடுக்காதீர்கள். ஏற்றியது பைராசினமைடு என்ற மாத்திரை. முதல் இரண்டு மாத மருந்துக் கூட்டில் அது இருக்கும். உடம்பில் அது பைராசினோயிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தை யூரேட்டைத் திரும்ப உறிஞ்சவைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பைராசினோயிக் அமிலத்தை அடுத்த படிக்கு உடைப்பது சாந்தீன் ஆக்சிடேஸ்தான். அலோபியூரினாலால் நொதியைப் பூட்டினால் பைராசினோயிக் அமிலம் இன்னும் தேங்கும். நோக்கம் ஒன்று, நடப்பது வேறு.

எண் 11 என்பதற்காகக் காசநோய் மருந்தை நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு. வலிக்கு எளிய வலிநிவாரணி போதும், அதையும் சிகிச்சை மையத்தில் கேட்டே கொடுங்கள். பைராசினமைடு முடிந்ததும் எண் தானே இறங்கும். மூட்டு சிவந்து வீங்கினால் அது வேறு கதை, உடனே காட்டுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): மூன்று முறை கவுட் வந்தபின் அலோபியூரினால் தொடங்கினார்கள். தொடங்கிய மூன்றாம் வாரத்தில் இதுவரை இல்லாத வலி. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? எவ்வளவு நாள் சாப்பிட வேண்டும்?

பதில்: மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமே அந்த வலி. ஆண்டுக்கணக்கில் மூட்டில் படிந்த படிகம், ரத்தத்தில் யூரேட் குறைந்ததும் கரையத் தொடங்கும். கரையும் படிகம் உதிரும், உதிர்ந்த துகளை வெள்ளணுக்கள் தாக்கும். ஆகவே தொடங்கும்போதே வலியைத் தணிக்கும் கோல்ச்சிசின் 0.5 மி.கி. தினம் ஒன்றோ இரண்டோ, 3 முதல் 6 மாதம் வரை, கூடவே கொடுப்பது வழக்கம். அது கொடுக்கப்பட்டதா என்று பாருங்கள். வலி வந்ததற்காக அலோபியூரினாலை நிறுத்த வேண்டாம். நிறுத்தித் தொடங்கி நிறுத்துவதுதான் மூட்டுக்கு மிகக் கெடுதல்.

இந்த மருந்தின் தந்திரம் அழகானது. ஹைப்போசாந்தீனின் ஐந்து பக்க வளையத்தில் ஒரு நைட்ரஜனையும் ஒரு கார்பனையும் இடம் மாற்றினால் அலோபியூரினால். எடைகூட அதே 136. நொதி ஏமாந்து இதையும் ஆக்சிஜனேற்றம் செய்கிறது. கிடைக்கும் ஆக்சிபியூரினால் நொதியின் மாலிப்டினத்தைப் பிடித்துக்கொண்டு நகராது. அலோபியூரினால் ரத்தத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆக்சிபியூரினாலுக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். தினம் ஒரு வேளை போதும் என்பது இதனால்தான். ஆக்சிபியூரினால் சிறுநீரகம் வழியே போவதால், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குக் குறைவாகத் தொடங்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

பலர் சறுக்குவது அளவில். 100 மி.கி.யில் தொடங்கி (சிறுநீரகக் கோளாறு இருந்தால் 50), நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து, 50 அல்லது 100 ஆகக் கூட்டிக்கொண்டே போய், 6-க்குக் கீழே வந்ததும் நிற்க வேண்டும். தோலுக்கடியில் கட்டி உள்ளவர்களுக்கு 5-க்குக் கீழே. நடைமுறையில் 100-லேயே விட்டுவிட்டு, எண் 8-இல் நிற்க, ‘மாத்திரை கேட்கவில்லை’ என்கிறார்கள். 300-க்கு மேல் போனால் இரண்டு வேளையாகப் பிரிப்பார்கள். எவ்வளவு நாள் என்றால், நொதி உயிரோடு இருக்கும்வரை, அதாவது வாழ்நாள் முழுக்க. நிறுத்தினால் எண் பழைய இடத்துக்கே திரும்பும்.

எச்சரிக்கை இரண்டு, இரண்டுமே கடுமையானவை. முதல் இரண்டு மாதங்களில் தோலில் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு, காய்ச்சல் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். எச்.எல்.ஏ-பி 5801 என்ற மரபு வகை உள்ளவர்களுக்கு இந்த ஒவ்வாமை உயிரையே எடுக்கலாம். ஹான் சீனர், தாய்லாந்தினர், கொரியர்களிடம் அது அதிகம் என்பதால் அவர்களுக்கு முன்கூட்டியே பரிசோதிக்கச் சொல்கிறார்கள்.

இரண்டாவது, அசாதயோபிரின். சிறுநீரக மாற்று அறுவை செய்தவர்களும் குடல் அழற்சிக்காரர்களும் எடுக்கும் மருந்து. அது உடம்பில் 6-மெர்காப்டோபியூரினாக மாறும், அதை உடைப்பதில் சாந்தீன் ஆக்சிடேஸுக்குப் பெரிய பங்கு. நொதியைப் பூட்டினால் மெர்காப்டோபியூரின் தேங்கி எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். தவிர்க்கவே முடியாமல் சேர்த்துக் கொடுத்தால் அசாதயோபிரினை நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்றாகக் குறைத்து, ரத்த அணுக்களை அடிக்கடி எண்ணுவார்கள். இதே நொதியைத் தடுக்கும் இன்னொரு மருந்தான ஃபெபுக்சோஸ்டாட்டோடு சேர்க்கவே கூடாது. வரலாற்றில் இது நேர்மாறாக நடந்தது. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் அலோபியூரினாலை எடுத்ததே, புற்றுநோய்க்குக் கொடுத்த 6-மெர்காப்டோபியூரின் உடம்பில் சீக்கிரம் உடையாமல் காக்கத்தான். யூரிக் அமிலம் சரிந்ததைப் பார்த்தபின் அது கவுட் மருந்தானது. 1966-இல் அமெரிக்காவில் அனுமதி, 1988-இல் இருவருக்கும் நோபல்.

ஃபெபுக்சோஸ்டாட் பியூரின் சட்டமே இல்லாத மருந்து. நொதியின் வாசலை அடைத்துக்கொள்ளும். அலோபியூரினால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு உதவும். இதயநோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்தா என்பதில் 2018-இலும் 2020-இலும் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் எதிரெதிராகப் பேசுகின்றன. இதய நோயாளி என்றால் முதல் தேர்வாக வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி (திருநெல்வேலி வாசகி): பத்து வயது மகனுக்குச் சிறுநீரகக் கல். எக்ஸ்ரேயில் தெரியவில்லை, ஸ்கேனில் தெரிந்தது. ரத்தத்தில் யூரிக் அமிலம் 0.6 மட்டுமே. குறைவாக இருப்பது நல்லதுதானே?

பதில்: நல்லதல்ல, துப்பு. 1-க்குக் கீழே இருந்தால் இரண்டு காரணங்களைப் பிரிக்க வேண்டும். சிறுநீரில் யூரிக் அமிலத்தை அளக்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் குறைந்து சிறுநீரில் கூடியிருந்தால், சிறுநீரகம் யூரேட்டைத் திரும்ப உறிஞ்சாமல் விடுகிறது என்று பொருள். இரண்டிலும் குறைந்திருந்தால் சாந்தினூரியா இருக்கலாம், அதாவது இந்த நொதியே பிறவியில் வேலை செய்யவில்லை. அப்போது ஓட்டம் சாந்தீனிலேயே நின்று சாந்தீன் கல்லாகும். 1817-இல் மார்செட் என்பவர் சாந்தீனை முதன்முதலில் கண்டதே ஒரு சிறுநீர்ப்பைக் கல்லில்தான். உறுதிப்படுத்தச் சிறுநீரில் சாந்தீன், ஹைப்போசாந்தீன் அளவை எச்.பி.எல்.சி. (கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும்) முறையில் பார்ப்பார்கள்.

இதைப் பிரித்தறிவது ஏன் முக்கியம்? யூரிக் அமிலக் கல்லும் எக்ஸ்ரேயில் தெரியாது. அதற்குப் பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரின் பி.எச்.ஐ 5-லிருந்து 6.5 அல்லது 7-க்கு ஏற்றினால் கரைதிறன் பத்து மடங்கு அளவுக்குக் கூடி, கல் கரைந்தே போகலாம். சாந்தீனுக்கு அந்த வித்தை பலிக்காது. பி.எச். ஏறினாலும் அது பெரிதாகக் கரைவதில்லை. மருந்து தண்ணீர்தான். சிறுநீர் தெளிந்த நிறத்தில் போகும் அளவு, படுக்கப் போகும் முன்பும் ஒரு டம்ளர் சேர்த்து. வயதுக்கேற்ற அளவைக் குழந்தை சிறுநீரக மருத்துவர் சொல்வார். இறைச்சியைக் குறைப்பது கொஞ்சம் உதவும். ‘கல்லுக்கு’ என்று யாரும் அலோபியூரினால் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாத நொதியைப் பூட்டுவதில் பயனில்லை. அசாதயோபிரினும் இவனுக்கு ஆகாது என்பதை மருத்துவக் கோப்பில் எழுதி வையுங்கள். உடன்பிறந்தவர்களுக்கும் ஒரு யூரிக் அமிலப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கேள்வி (திருச்சி, எம்.எஸ்ஸி. மாணவி): மூலிகைச் சாறு சாந்தீன் ஆக்சிடேஸைத் தடுக்கிறதா என்று ப்ராஜெக்ட். ஒரு நாள் 80 சதவீதம், மறுநாள் 20. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலில் சாந்தீன் கரைசல். அது வெறும் தண்ணீரிலோ நடுநிலை பஃபரிலோ லேசில் கரையாது. 7.6 மி.கி.யை 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 5 மி.லி.யில் முழுக்கக் கரைத்து, 50 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபரில் 100 மி.லி.க்கு நிரப்பி, பி.எச்.ஐ மறுபடி 7.5-க்குக் கொண்டுவாருங்கள். இது 0.5 மில்லிமோலார். பஃபரில் 0.1 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. இருக்கட்டும். ஃப்ரிட்ஜில் வைத்த கரைசலில் அடியில் வெண்மை தெரிந்தால் கொட்டிவிடுங்கள். நேற்றும் இன்றும் வேறுபட்டதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அடுத்தது நொதி. அம்மோனியம் சல்பேட் தொங்கலாக வருவதை 2–8 டிகிரியில் வையுங்கள், உறையவிடாதீர்கள். எடுக்கும் முன் மெல்லப் புரட்டிக் கலக்குங்கள். அடியில் படிந்தது போக மேலே உள்ளதை எடுத்தால் பாதி நொதிதான் வரும். நீர்த்ததை ஐஸில் வைத்து அன்றே தீருங்கள்.

1 மி.லி. குவார்ட்ஸ் குவெட்டில் பஃபர் 650 மைக்ரோலிட்டர், சாறு 50, நொதி 100 விட்டு, 25 டிகிரியில் சரியாக 10 நிமிடம். பிறகு சாந்தீன் 200 விட்டு 295 நானோமீட்டரில் மூன்று நிமிடம் தொடர்ந்து அளவிடுங்கள். நொதி முடிவில் மி.லி.க்கு 0.01 யூனிட் இருந்தால் ஒளி உறிஞ்சல் நிமிடத்துக்கு 0.1-ஐ ஒட்டி ஏறும். கண்ணாடி குவெட், சாதாரண பிளாஸ்டிக் குவெட் இந்த அலைநீளத்துக்கு உதவாது. முதல் நேர்கோட்டுப் பகுதியின் சரிவையே எடுங்கள். பத்து நிமிடம் கழித்து ஒரே ஒரு அளவு எடுத்தால் சாந்தீன் தீர்ந்திருக்கும், தடுப்பு குறைவாகத் தெரியும்.

மூன்றாவது, சாறே. இலைச்சாற்றின் பாலிஃபீனால்கள் 295-இல் தாமே ஒளியை உறிஞ்சும். சாறு உண்டு, நொதி இல்லை என்ற பிளாங்க் ஒவ்வொரு செறிவுக்கும் தனித்தனியாக வேண்டும். தொடக்க அளவே 1-ஐத் தாண்டினால் நீர்த்துவிடுங்கள், இல்லையேல் யூரிக் அமிலத்தை எச்.பி.எல்.சி.யில் அளங்கள். டானின் எந்தப் புரதத்தையும் திரளவைக்கும். மி.லி.க்கு 1 மி.கி. ஆல்புமின் சேர்த்ததும் தடுப்பு மறைந்தால் அது உண்மையான தடுப்பல்ல. சாற்றைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. 1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். சூப்பராக்சைடை அளக்கும் என்.பி.டி. முறையை மட்டும் நம்பாதீர்கள். ஃபிளேவனாய்டுகள் சூப்பராக்சைடை நேரடியாக விழுங்கும், நொதியைத் தொடாமலே ‘தடுத்ததாக’ எண் வரும்.

ஒப்பீட்டுக்கு அலோபியூரினால் வைக்கும்போது காத்திருப்பு நேரத்தை மாற்றாதீர்கள். நொதி அதை ஆக்சிபியூரினாலாக்கிய பிறகுதான் பூட்டு விழுகிறது, நேரம் கூடக் கூடத் தடுப்பும் கூடும். ஐந்து நிமிடத்தில் ஒரு மதிப்பு, பதினைந்தில் வேறு மதிப்பு வருவது உங்கள் கைத்தவறல்ல.

கேள்வி (தாராபுரம் வாசகர்): கோல்ச்சிசின் எங்கள் பக்கம் விளையும் கண்வலிக் கிழங்கிலிருந்து வருகிறதே. கிழங்கையே கொஞ்சம் சாப்பிட்டால்?

பதில்: சாப்பிட்டால் சாவு வரலாம். கண்வலிக் கிழங்குச் செடியான செங்காந்தளின் விதையை வாங்கிக் கோல்ச்சிசின் பிரித்தெடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம், கிழங்கில் எவ்வளவு என்று கண்ணால் தெரியாது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. தவிர, கோல்ச்சிசின் யூரிக் அமிலத்தைத் துளியும் குறைப்பதில்லை. வெள்ளணுக்களின் ஓட்டத்தை மட்டுப்படுத்தி வலியைத் தணிக்கும், அவ்வளவே. மாத்திரையிலும் ‘வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கு ஒன்று’ என்ற பழைய முறை போய்விட்டது. இப்போது வலி தொடங்கியதும் 1 மி.கி., ஒரு மணி நேரம் கழித்து 0.5 மி.கி., அன்றைக்கு அத்தோடு சரி. கிளாரித்ரோமைசின் எடுப்பவர்களும் சிறுநீரகம் தளர்ந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதையும் தொட வேண்டாம்.